ராஜா தலை போய் சிங்க முகம் வந்த கதை: சுதந்திர இந்தியாவின் ஆரம்பகால நோட்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர்களும், வீட்டுப் பீரோவில் பழைய நோட்டு ஒன்றைக் கண்டெடுத்தவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். 1947-லிருந்து 1960-களின் நடுப்பகுதி வரை புழங்கிய இந்திய நோட்டுகளைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன். இருபது வருடம்கூட இல்லாத காலம். ஆனால் ஒரு நாடு தன் பணத்தில் யார் முகத்தைப் போடுவது, எந்த மொழியை எங்கே வைப்பது என்று யோசித்து யோசித்து மாற்றிக்கொண்டே வந்ததை இந்த நோட்டுகளில் கண்ணால் பார்க்கலாம். எனக்கு இதன்மேல் இருக்கும் பிடிப்புக்கு அதுதான் காரணம்.

சுதந்திர இந்தியாவின் முதல் நோட்டு எது?

1949-ல் வந்த ஒரு ரூபாய் நோட்டு. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை இருந்த இடத்தில் சாரநாத் அசோகத் தூணின் சிங்கங்கள் வந்தன. கையெழுத்து கே.ஆர்.கே. மேனனுடையது. அவர் அப்போது நிதித்துறைச் செயலாளர்.

பலரும் இந்த இடத்தில் குழம்புவார்கள். ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்து எங்கே என்று தேடுவார்கள். ஒரு ரூபாய் நோட்டை வெளியிடுவது மத்திய அரசு, ரிசர்வ் வங்கி இல்லை. அதனால்தான் அதில் நிதித்துறைச் செயலாளர் கையெழுத்துப் போடுகிறார். மற்ற நோட்டுகளில் இருக்கும் 'இவ்வளவு ரூபாய் தருவதாக உறுதியளிக்கிறேன்' என்ற வாசகமும் அதில் கிடையாது. சட்டத்தின் கண்ணில் ஒரு ரூபாய் நோட்டு காகிதத்தில் அடித்த நாணயம் மாதிரிதான்.

இன்னொரு விஷயம். சிங்க முகம் நாட்டின் சின்னமாக அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது 1950 ஜனவரி 26 அன்று. சிங்கம் போட்ட நாணயங்கள் 1950 ஆகஸ்டில்தான் வந்தன. ஆக, இரண்டுக்கும் முன்பே சாதாரண ஜனங்களின் கைக்குச் சிங்கத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த ஒரு ரூபாய்த் தாள்தான். மேனன் நோட்டு ஒன்றைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

அப்படியானால் 1947-லிருந்து 1949 வரை மக்கள் எதை வைத்துப் புழங்கினார்கள்?

ஜார்ஜ் மன்னர் நோட்டுகளைத்தான். சுதந்திரம் வந்த மறுநாளும் சந்தையில் ராஜா தலைதான். ரூபாய் 2, 5, 10, 100 நோட்டுகளில் சி.டி. தேஷ்முக் கையெழுத்து இருந்தது. ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநர் அவர். 1943 ஆகஸ்டிலிருந்து 1949 ஜூன் வரை பதவியில் இருந்தார். மன்னர் முகமும் இந்திய ஆளுநர் கையெழுத்தும் ஒரே தாளில் இருக்கும் அந்த நோட்டை என் தொகுப்பின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சுதந்திர இந்திய நோட்டு மட்டும் போதும் என்பவர்கள் அதை விட்டுவிடுவார்கள். விடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

அந்தக் கால 100 ரூபாய் நோட்டு கிடைத்தால் அதில் அச்சாகியிருக்கும் ஊர்ப் பெயரைப் பாருங்கள். எந்த அலுவலகம் வழியாக வெளியானது என்று காட்ட பம்பாய், கல்கத்தா, மதராஸ், டெல்லி, கான்பூர் என்று ஊர்ப் பெயர் போட்டிருப்பார்கள். அதே வரிசையில் கராச்சி, லாகூர் என்றும் இருக்கும். பிரிவினைக்குப் பிறகு அந்த இரண்டு ஊர்ப் பெயர்களையும் இந்திய நோட்டில் பார்க்கும்போது மனசு கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது.

காந்தி படம் ஏன் போடவில்லை?

போடத்தான் நினைத்தார்கள். மன்னர் இருந்த இடத்தில் காந்தியடிகளை வைத்து மாதிரிகள்கூடத் தயாரானது. கடைசியில் சாரநாத் சிங்கத்துக்கே ஒத்த கருத்து வந்தது. மற்றபடி வடிவமைப்பு பெரும்பாலும் பழைய வழியிலேயே தொடர்ந்தது. காந்தி முதன்முதலாக நோட்டில் வந்தது 1969-ல், அவர் நூற்றாண்டுக்கு. சேவாகிராம் ஆசிரமப் பின்னணியில் உட்கார்ந்திருப்பார்.

ஆண்டு போடாத நோட்டின் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கையெழுத்தை வைத்துத்தான். இந்தத் துறையில் முதலில் பழக வேண்டியது இதுதான்.

சிங்க முகம் போட்ட ரூபாய் 2, 5, 10, 100 நோட்டுகள் 1950-ல் வந்தன. முதல் கையெழுத்து பி. ராம ராவ். 1949 ஜூலையிலிருந்து 1957 ஜனவரி வரை ஆளுநர். நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியுடன் கருத்து வேறுபாடு முற்றி ராஜினாமா செய்தவர். அவருக்குப் பின் கே.ஜி. அம்பேகாவ்கர் 1957 ஜனவரி 14 முதல் பிப்ரவரி 28 வரை, மொத்தமே ஒன்றரை மாதம். ஆளுநராக அவர் கையெழுத்துப் போட்ட நோட்டு கிடையாது. ஆனால் அதற்கு முன் நிதித்துறைச் செயலாளராக இருந்தபோது போட்ட கையெழுத்தோடு ஒரு ரூபாய் நோட்டு இருக்கிறது, 1951 என்று ஆண்டும் போட்டிருக்கும். அம்பேகாவ்கர் வேண்டும் என்று 10 ரூபாய் நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு புது நண்பருக்கு இதைச் சொல்லி நிறுத்தியிருக்கிறேன்.

அப்புறம் 1957 மார்ச்சிலிருந்து 1962 பிப்ரவரி வரை எச்.வி.ஆர். ஐயங்கார். அவருக்குப் பிறகு பி.சி. பட்டாச்சார்யா, 1967 வரை. இந்த மூன்று ஆளுநர்களின் கையெழுத்தும் கண்ணுக்குப் பழகிவிட்டால் பெரும்பாலான நோட்டுகளைப் பார்த்ததுமே காலம் சொல்லிவிடலாம்.

ஒரு ரூபாய் நோட்டில் ஆண்டு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. 1957 என்று அச்சிட்ட ஒரு ரூபாய் நோட்டு எச்.எம். படேல், ஏ.கே. ராய், எல்.கே. ஜா என்று மூன்று பேர் கையெழுத்திலும் கிடைக்கிறது. ஆண்டு அப்படியே இருக்க, ஆள் மாறிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இவர்களில் எல்.கே. ஜா பின்னால் ரிசர்வ் வங்கி ஆளுநராகவும் ஆனார். முன்பு சொன்ன 1969 காந்தி நோட்டுகளில் அவர் கையெழுத்தைத் திரும்பவும் பார்க்கலாம்.

'ருபயா', 'ருபயே' என்று விற்பவர்கள் சொல்கிறார்களே, அது என்ன?

இந்தி எழுத்தில் நடந்த ஒரு திருத்தம். முதலில் வந்த சிங்க முக நோட்டுகளில் இரண்டு, ஐந்து, பத்து என எல்லாவற்றுக்கும் இந்தியில் ஒருமையில் 'ருபயா' என்றே போட்டிருந்தார்கள். பன்மையில் எப்படி எழுதுவது என்று விவாதம் நடந்து, கடைசியில் 'ருபயே' என்று முடிவானது. 1953-ல் இந்தி நோட்டில் முக்கிய இடத்துக்கு வந்தது.

இதற்காக இந்தி படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள். பக்கத்தில் தனியாக இன்னொரு நேர்க்கோடு நின்றால் 'யா'. தலைக்கு மேல் சாய்வாக ஒரு சின்னக் கொம்பு இருந்தால் 'யே'. ஒரு பூதக்கண்ணாடி போதும். ராம ராவ் கையெழுத்தில் இரண்டுமே உண்டு. ஒரே மதிப்பில், ஒரே கையெழுத்தில், திருத்தத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று ஜோடியாக வைத்தால் அந்த விவாதமே கண்முன் வந்து நிற்கும். நோட்டின் பின்பக்கத்தில் மொழிகளின் வரிசையில் நம் தமிழ் வரியையும் தேடிப் பாருங்கள்.

பாகிஸ்தான் பெயர் போட்ட இந்திய நோட்டு உண்மையா?

உண்மைதான். பிரிவினை முடிந்ததும் பாகிஸ்தானுக்குச் சொந்த அச்சகம் இல்லை. அதனால் 1948 ஜூன் 30 வரை ரிசர்வ் வங்கியே அந்த நாட்டுக்கும் பணம் வெளியிட்டது. நாசிக் அச்சகத்தில் அச்சான மன்னர் நோட்டுகளில் 'பாகிஸ்தான் அரசு' என்று ஆங்கிலத்திலும் உருதுவிலும் சேர்த்து, 1948 ஏப்ரலில் வெளியிட்டார்கள். ரூபாய் 1, 2, 5, 10, 100. ஜூலை 1 அன்று பாகிஸ்தான் ஸ்டேட் வங்கி தொடங்கியது, அக்டோபரில் அவர்களுடைய சொந்த நோட்டுகள் வந்தன. இரண்டு புதிய நாடுகள், ஒரே மன்னர் தலை, ஒரே அச்சகம். இதைவிடச் சுருக்கமாக அந்த வருடத்தைச் சொல்லும் பொருள் எனக்குத் தெரியவில்லை.

அதனாலேயே போலியும் இதில்தான் அதிகம். சாதாரண மன்னர் நோட்டு ஒன்றை வாங்கி, மேலே அந்த எழுத்தை மட்டும் அடித்துவிடுகிறார்கள். தாள் அசல், நீர்க்குறி (வாட்டர்மார்க்) அசல், கையெழுத்து அசல், எழுத்து மட்டும் பொய். ஆரம்பத்தில் நானே ஒரு கண்காட்சி மேஜையில் அப்படி ஒரு இரண்டு ரூபாய் நோட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து மேஜை விளக்கின் கீழே பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நோட்டின் நடுவில் பழைய மடிப்பு ஒன்று, அந்த இடத்தில் காகிதம் தேய்ந்து நார் கிளம்பியிருக்கிறது. எழுத்தின் மை அந்த நாருக்குள் இறங்கிப் பரவியிருந்தது. மடிப்பு விழுவதற்கு முன்பே அச்சான எழுத்தாக இருந்தால், தேய்மானம் எழுத்தையும் சேர்த்துத் தின்றிருக்க வேண்டும். அழுக்குக்கு மேலே மை உட்கார்ந்திருந்தாலும் இதே கதைதான். இந்த வகை நோட்டை நம்பிக்கையான, திருப்பி எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிற விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். அதற்கு முன் அசல் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருப்பது நல்லது.

ஹஜ் நோட்டு, வளைகுடா நோட்டு என்பவை என்ன?

இரண்டும் 1959-ல் பிறந்தவை. அப்போது குவைத், பஹ்ரைன், கத்தார் போன்ற வளைகுடாப் பகுதிகளில் இந்திய ரூபாய்தான் புழக்கத்தில் இருந்தது. அங்கிருந்து தங்கம் கள்ளத்தனமாக இங்கே வந்தது, ரூபாய் அங்கே போனது. அந்த ரூபாய் திரும்பி வரும்போது அந்நியச் செலாவணி கொடுக்க வேண்டியிருந்தது. இதைத் தடுக்க இந்தியாவுக்கு வெளியில் மட்டும் செல்லுபடியாகும் தனி நோட்டு அடித்தார்கள். வரிசை எண் 'இசட்' எழுத்தில் தொடங்கும். நிறமும் வேறு: ஒரு ரூபாயும் பத்து ரூபாயும் சிவப்பு, ஐந்து ஆரஞ்சு, நூறு பச்சை. 1961-ல் குவைத்தும் 1965-ல் பஹ்ரைனும் சொந்த தினாருக்குப் போயின. 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும், ஓமான் தவிர மற்ற இடங்களிலும் அதன் கதை முடிந்தது.

ஹஜ் நோட்டு என்பது மெக்கா செல்லும் யாத்திரிகர்களுக்காக அடித்தது. நீல நிறப் பத்து ரூபாய், சிவப்பு நிற நூறு ரூபாய், எண்ணுக்கு முன் 'எச்.ஏ.' என்ற எழுத்துகள். மிக அரிது. யாரோ ஒருவர் வாழ்நாள் சேமிப்பில் கடல் கடந்து போனபோது மடியில் கட்டிக்கொண்டு போன பணம் இது. நான் ஒன்றே ஒன்றை, அதுவும் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்த்திருக்கிறேன்.

தஞ்சைப் பெரிய கோயில் போட்ட நோட்டு இருக்கிறதாமே?

இருக்கிறது. 1,000 ரூபாய் நோட்டு. 1946-ல் உயர் மதிப்பு நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. 1954-ல் மறுபடி உயர் மதிப்பு நோட்டுகள் வந்தன: 1,000, 5,000, 10,000. ஆயிரத்தில் தஞ்சைக் கோயில், ஐயாயிரத்தில் பம்பாயின் கேட்வே ஆஃப் இந்தியா, பத்தாயிரத்தில் சிங்க முகம். 1978 ஜனவரியில் மூன்றும் மறுபடி செல்லாமல் போயின. வங்கியில் திருப்பிக் கொடுத்ததுபோக மிஞ்சியவைதான் இப்போது சேகரிப்பில் இருக்கின்றன. ஆயிரத்தை நல்ல நிலையில் வாங்கப் பெரிய தொகை வேண்டும். மற்ற இரண்டையும் அருங்காட்சியகத்தில் பார்த்துத் திருப்திப்பட வேண்டியதுதான். மும்பையில் ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு தடவையாவது போய் வாருங்கள்.

நிலையை எப்படிப் பார்ப்பது? 'யு.என்.சி.' என்றால் என்ன?

கட்டைப் பிரித்ததும் எடுத்து வைத்த மாதிரி, மடிப்பே படாத நோட்டு யு.என்.சி. ('அன்சர்குலேட்டட்', அதாவது புழக்கத்துக்கே வராதது). அங்கிருந்து ஏ.யூ. (ஏறக்குறையப் புழங்காதது), எக்ஸ்.எஃப். (மிக மிக நல்ல நிலை), வி.எஃப். (மிக நல்ல நிலை), எஃப். (நல்ல நிலை) என்று கீழே இறங்கும். நடுவில் ஒரே ஒரு மடிப்பு விழுந்தாலும் விலை கணிசமாக இறங்கிவிடும்.

'பின்' குத்திய ஓட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நோட்டின் இடது ஓரத்தில் இரண்டு சின்னத் துளைகள் இருக்கும். அந்தக் காலத்தில் கட்டைச் சேர்த்துப் பின் அடித்துத்தான் வங்கியிலிருந்து வெளியே வரும், புத்தம்புது நோட்டும்கூட. அதனால் இந்திய நோட்டில் பின் ஓட்டை இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். துளை சின்னதாக, துருப்பிடிக்காமல் இருந்தால் போதும். துருவின் பழுப்பு வளையம் காகிதத்தில் பரவியிருந்தால் அது வேறு, அங்கே காகிதம் நொறுங்க ஆரம்பித்திருக்கும். ஓட்டையே இல்லாத 1950-களின் நோட்டு என்று யாராவது காட்டினால் சந்தோஷப்படுவதற்கு முன் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓட்டையைப் பசை வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள்.

இஸ்திரி போட்ட நோட்டும் இதே மாதிரிதான். மேலே பார்த்தால் மடிப்பே தெரியாது. சாய்த்துப் பிடித்தால் பழைய மடிப்பு வெள்ளைக் கீற்றாகத் தெரியும். காகிதத்துக்கும் ஒரு செத்த பளபளப்பு வந்திருக்கும்.

அழுக்கான நோட்டைக் கழுவலாமா?

கூடாது. என் ஆச்சியின் சுருக்குப்பையிலிருந்து வந்த ஒரு இரண்டு ரூபாய் நோட்டு என்னிடம் இருக்கிறது. ராம ராவ் கையெழுத்து, பின்னால் புலித் தலை. நாலாக மடித்து மடித்து நடுவில் ஊசி நுழைகிற அளவுக்குத் துளை, ஓரத்தில் வெற்றிலைக் கறை. கல்லூரி நாட்களில் அதைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தேன். கறை போகவில்லை. காகிதத்தின் விறைப்பு போய்விட்டது, துணி மாதிரி ஆகிவிட்டது. ஆச்சி வைத்திருந்தபடியே விட்டிருக்கலாம் என்று இன்றுவரை வருத்தம்தான்.

கிழிசலுக்கு செலோடேப் ஒட்டுவதும், லேமினேட் செய்வதும் இதைவிட மோசம். டேப்பின் பசை மஞ்சளாகி உள்ளே ஊறிவிடும். லேமினேட் செய்த நோட்டுக்கு மீட்சியே கிடையாது.

எப்படிப் பாதுகாப்பது?

பி.வி.சி. உறை வேண்டாம். நாளடைவில் அதிலிருந்து கசியும் ரசாயனம் நோட்டில் ஒட்டிக்கொள்ளும். மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறை நல்லது, பாலிப்ரொப்பிலீனும் பரவாயில்லை. வெயில் படாத, ஈரம் இல்லாத இடம். கடலோர ஊர்களில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று கூடவே இருக்கட்டும், அவ்வப்போது மாற்றுங்கள். ஆல்பத்தை மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள். கை கழுவித் துடைத்துவிட்டு, ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள்.

இதையெல்லாம் வைத்திருப்பது சட்டப்படி சரியா?

சரிதான். பழம்பொருள் சட்டம் பொதுவாக நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருள்களைப் பற்றியது, கையெழுத்துப் பிரதி, ஆவணம் போன்றவற்றுக்கு மட்டும் எழுபத்தைந்து வருடம். இந்த நோட்டுகள் இன்னும் அந்த நூறு வயதை எட்டவில்லை. 2016-ல் செல்லாததான 500, 1,000 நோட்டுகளுக்குத்தான் எண்ணிக்கை வரம்பு வைத்துத் தனிச்சட்டம் இருக்கிறது. அவற்றை இந்தத் தொகுப்போடு கலக்காதீர்கள்.

'பழைய நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம்' என்று விளம்பரம் வருகிறதே?

நம்பாதீர்கள். முதலில் பதிவுக் கட்டணம் என்பார்கள், அப்புறம் வரி, அப்புறம் கமிஷன். உங்கள் நோட்டு உங்கள் கையிலேயே இருக்கும், பணம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டிக் கேட்பார்கள். இப்படிப்பட்ட வியாபாரத்தில் தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. ஓய்வூதியப் பணத்தை இப்படி இழந்தவர்களைத் தெரியும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். நோட்டை வாங்குகிறவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும், உங்களிடம் ஒரு பைசாவும் கேட்கக்கூடாது.

தாத்தாவின் பெட்டியில் ஒரு நோட்டு கிடைத்தது. விலை போகுமா?

மிகவும் புழங்கிய ஐயங்கார், பட்டாச்சார்யா நோட்டுகள் நிறையவே இருக்கின்றன. பெரிய விலை எதிர்பார்க்க வேண்டாம். மேனன் ஒரு ரூபாய், 'ருபயா' நோட்டுகள், இசட் எழுத்தில் தொடங்குபவை என்றால் விவரம் தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். ஏலங்களின் பழைய விற்பனை விலைகள் இணையத்தில் கிடைக்கும், அதே நிலையில் இருக்கும் நோட்டு எவ்வளவுக்குப் போனது என்று ஒப்பிடுங்கள். ஆனால் அந்த நோட்டை யார் வைத்திருந்தார், எதற்காக வைத்திருந்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு துண்டுத்தாளில் எழுதி, உறையின் பின்னால் வைத்துவிட்டு அப்புறம் விற்பதைப் பற்றி யோசியுங்கள்.

கொஞ்சப் பணத்தில் எங்கிருந்து தொடங்கலாம்?

இரண்டு ரூபாயிலிருந்து. தேஷ்முக் கையெழுத்துப் போட்ட மன்னர் நோட்டு ஒன்று, ராம ராவ் 'ருபயா' ஒன்று, ராம ராவ் 'ருபயே' ஒன்று, ஐயங்கார் ஒன்று, பட்டாச்சார்யா ஒன்று. ஐந்தே ஐந்து தாள். 'ருபயா'வுக்கு மட்டும் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கலாம், மற்றவை எஃப். நிலையில் சுலபமாகக் கிடைக்கும். 1967-ல் சிக்கனத்துக்காக நோட்டுகளின் அளவைச் சுருக்கினார்கள். ஆறாவதாக அந்தச் சின்ன நோட்டு ஒன்றையும் சேர்த்து, ஆறையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி வையுங்கள்.